சீட்டு என்னும் பொய் சொல்லும் வாத்தியார்

சீட்டு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. மாதாமாதம் கட்டுகிற சீட்டு ஒன்று, கையில் பிடித்து ஆடுகிற சீட்டு இன்னொன்று. இரண்டிலுமே பணம் போன கதை எந்தத் தெருவில் கேட்டாலும் கிடைக்கும். அதனால்தான் "பையன் சீட்டாடுறான்" என்று யாராவது சொன்னால், அது ஒரு விளையாட்டைப் பற்றிய தகவலாக யார் காதிலும் விழுவதில்லை. ஒரு குடும்பத்தைப் பற்றிய துக்கச் செய்தியாகத்தான் விழுகிறது.

ஆனால் சீட்டாட்டத்தை சி.ஏ. பரீட்சைக்குப் படிப்பது போல உட்கார்ந்து படிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். போக்கர் என்ற ஆட்டம் அப்படிப்பட்டது. அதில் தேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள், அந்த உழைப்பு எப்படிப்பட்டது, அதே உழைப்பு ஏன் நம் ஊர்ப் பையன்களின் மொபைலில் வந்த ஆட்டங்களில் பலிக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும். காமர்ஸ் படிப்பவர்கள் பயப்படத் தேவையில்லை, மற்றவர்களும்தான்!

மங்காத்தா, ரம்மி, போக்கர்

எல்லா சீட்டாட்டமும் ஒன்றல்ல. மங்காத்தாவில், அதாவது உள்ளே வெளியேயில், ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பணத்தை வைத்துவிட்டு சீட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது வருடம் மங்காத்தா ஆடியவருக்கும் இன்று காலை கற்றுக்கொண்டவருக்கும் ஒரே வாய்ப்பு.

ரம்மி வேறு. எந்தச் சீட்டு கீழே போனது, எதிராளி எதை எடுத்தார் என்று ஞாபகம் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். 1968-ல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மூன்று சீட்டு ஆட்டம் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல, அதில் திறமைக்கே பெரிய பங்கு என்பது தீர்ப்பு.

போக்கரில் இன்னும் ஒரு படி அதிகம். டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு தனியாக, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. 52 சீட்டில் இரண்டிரண்டாக எடுத்தால் மொத்தம் 1,326 ஜோடிகள் வரும். இரண்டு ஏஸ் கையில் வருவது அதில் ஆறே ஆறு, அதாவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. மீதி நேரமெல்லாம் சுமாரான சீட்டை வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். எப்போது விலகுவது, எப்போது பணத்தை ஏற்றுவது, எதிராளி ஏற்றும்போது அவர் கையில் உண்மையிலேயே சீட்டு இருக்கிறதா அல்லது மிரட்டுகிறாரா.. இதுதான் ஆட்டம்.

1944-ல் ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் சேர்ந்து எழுதிய புத்தகம்தான் கேம் தியரிக்கு அஸ்திவாரம். பொருளாதாரப் பாடத்தில் பெயராவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் புத்தகத்தில் போக்கருக்கு ஒரு தனிப் பகுதியே உண்டு. எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே முடிவெடுப்பதுதானே வியாபாரமும்!

ஒரு சின்னக் கணக்கு

போக்கர் படிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. எதிராளி 50 ரூபாய் ஏற்றுகிறார். உங்கள் கையிலும் தரையிலும் சேர்த்து ஒரே வகையில் நான்கு சீட்டு, நான்கும் ஸ்பேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஸ்பேட் வந்தால் ஜெயம். நீங்களும் 50 போட்டு அடுத்த சீட்டைப் பார்க்கலாமா?

மொத்த ஸ்பேட் 13. நான்கு தெரிந்துவிட்டது, மீதி 9. இதுவரை கண்ணில் படாத சீட்டு 47. ஆக 47-க்கு 9, சுமார் 19 சதவீதம் வாய்ப்பு. நீங்கள் போடுவது 50, ஜெயித்தால் கிடைப்பது 150. நஷ்டமில்லாமல் இருக்கவே 25 சதவீத வாய்ப்பு வேண்டும். இருப்பதோ 19. அந்த ஒரு சீட்டை மட்டும் நம்பிப் பணம் போட்டால், ஒவ்வொரு முறையும் சராசரியாக 11 ரூபாய் 70 காசு நஷ்டம்.

கணக்கு பத்தாம் வகுப்புப் பையனுக்கே வரும். சிரமம் இதைச் சில நொடிகளில், பணம் எதிரில் இருக்கும்போது, எதிராளி முறைத்துக்கொண்டிருக்கும்போது செய்வதில்தான். அதற்குத்தான் பயிற்சி. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைப் போன்ற ஆயிரக்கணக்கான நிலைகளை மேசைக்கு வெளியே, அமைதியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்து மனதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

கேரம் போர்டு பொய் சொல்லாது

உழைத்து ஆட்டக்காரர் ஆவதற்கு நம் மாநிலத்தில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையின் மரிய இருதயம் கேரமில் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது பெற்றவர். 2024-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். வசதி தரும் விளையாட்டல்ல கேரம். ஒரு போர்டு, கொஞ்சம் பவுடர், 19 காய், ஒரு ஸ்டிரைக்கர், அப்புறம் கணக்கில்லாத மணி நேரம்.

சதுரங்கத்தில் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர் மானுவல் ஆரோன். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். தோற்றவர் எழுந்து போய் வரிசையில் நிற்க வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்தே இருக்கலாம். ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனைத் தோற்கடித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷும் சென்னைப் பையன்தான். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நீண்ட காலம் கணினி நிரல்களின் உதவி இல்லாமலே அவரைப் பயிற்றுவித்தார். விடையைப் பார்த்து எழுதாமல் சொந்த மூளையில் கணக்குப் போட்டுப் பழகட்டும் என்பதுதான் காரணம்.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் 1993-ல் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி பிரபலமானது. அதைத்தான் பிற்பாடு "பத்தாயிரம் மணி நேரம்" என்று சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆனால் எரிக்சன் வலியுறுத்தியது மணி நேரத்தை மட்டும் அல்ல. செய்த தப்பு உடனே தெரிய வேண்டும், அதைத் திருத்தி மறுபடி செய்ய வேண்டும். அதுதான் பயிற்சி.

கேரமில் தப்பு உடனே தெரியும். ஸ்டிரைக்கரை ஒரு நூல் தள்ளி அடித்தால் காய் பாக்கெட்டின் விளிம்பில் பட்டுத் திரும்பிவிடும். போர்டு பொய் சொல்லாது. சதுரங்கமும் அப்படித்தான், கட்டைவிரல் அளவு அதிர்ஷ்டம் கூட அதில் இல்லை. நம் ஊர் ஆடு புலி ஆட்டமும் அதே ரகம். 3 புலி, 15 ஆடு, எல்லாமே கண்ணெதிரில். பல கோயில்களின் கல்தரையில் அந்தக் கோடுகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

சீட்டு அப்படியில்லை! மேலே சொன்ன கணக்கில் 50 ரூபாய் போடுவது தப்பு. ஆனால் ஐந்து முறையில் ஒரு முறை ஸ்பேட் வந்துவிடும். தப்பு செய்தவன் 150 ரூபாயை வாரிக்கொண்டு போவான். சரியாக ஆடினவன் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் இரண்டு ராஜா வைத்திருப்பவரிடம் மொத்தப் பணத்தையும் வைத்தால், சுமார் 100-க்கு 18 முறை தோற்பார். தோற்றபோதும் அவர் செய்தது சரிதான்.

அதாவது சீட்டு ஒரு வாத்தியார் என்றால், தப்பான விடைக்கும் அடிக்கடி முழு மார்க் போடுகிற வாத்தியார். அவரிடம் படித்து முன்னேறுவது எப்படி?

நோட்டுப் புத்தகம்

முன்னேறியவர்கள் செய்ததெல்லாம் ஒரே காரியம்தான். முடிவையும் விளைவையும் பிரித்தார்கள். ஜெயித்தோமா என்று பார்க்காமல், அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு சரியா என்று பார்த்தார்கள். இதற்கு நோட்டு வேண்டும். ஆடிய ஆட்டங்களை எழுதி வைத்து, மறுநாள் மனது ஆறிய பிறகு எடுத்துப் பார்க்க வேண்டும். தன்னைவிட நன்றாக ஆடுகிற ஒருவரிடம் காட்டித் திட்டு வாங்க வேண்டும்.

மரியா கொன்னிகோவா என்ற உளவியல் முனைவர் இதற்கு நல்ல சாட்சி. போக்கர் பக்கமே போகாதவர். எரிக் சைடெல் என்ற மூத்த ஆட்டக்காரரிடம் சிஷ்யையாகச் சேர்ந்து படித்தார். 2018 ஜனவரியில் பஹாமாஸில் நடந்த ஒரு போட்டியில் முதல் பரிசாக 84,600 டாலர் வென்றார். அந்த அனுபவத்தை 2020-ல் புத்தகமாகவும் எழுதினார்.

இயந்திரம் கூட அப்படித்தான் கற்றது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி ஜெயித்தது. பகலில் அவர்கள் அதன் எந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்களோ, இரவில் அது கணக்குப் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது. மறுநாள் காலை வந்தவர்கள் வேறு ஒரு எதிராளியைப் பார்த்தார்கள். எதிராளி காட்டிக்கொடுத்த தப்பை அன்று ராத்திரியே திருத்துவது.. படிப்பு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

நூறு ஆட்டம் போதாது

இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் நிஜமாகவே நன்றாக ஆடுகிறார், 100-க்கு 55 ஆட்டம் ஜெயிக்கிற திறமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு 100 ரூபாய். பத்து ஆட்டம் ஆடினால் அவர் நஷ்டத்தில் எழுந்திருக்க சுமார் 26 சதவீத வாய்ப்பு. நூறு ஆட்டம் ஆடினாலும் 13 சதவீத வாய்ப்பு. ஆயிரம் ஆட்டம் ஆடினால்தான் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போகிறது.

இதைத் திருப்பிப் போட்டால்தான் விஷயத்தின் வீரியம் புரியும். 100-க்கு 45 மட்டுமே ஜெயிக்கக் கூடிய ஒருவரும், பத்து ஆட்டம் ஆடினால் நான்கில் ஒரு முறை லாபத்தோடு எழுந்து "எனக்கு இது வருது மச்சான்" என்று சொல்வார். சொல்லும்போது பொய் சொல்லவில்லை. அன்றைய கணக்கு அவரை அப்படி நம்ப வைக்கிறது.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலை வருகிறது, அங்கே ஆதி அண்ணாமலையார் கோயில். கிழக்கு கோபுரத்திலிருந்து கிளம்பின முதல் கிலோமீட்டரில் எல்லோருமே வேகமாகத்தான் நடப்பார்கள். யார் நடக்கப் பழகியவர், யார் உற்சாகத்தில் நடந்தவர் என்பது அடி அண்ணாமலை வரும்போதுதான் தெரியும். பழகியவர் ஒரே சீராகப் போய்க்கொண்டிருப்பார். மற்றவர் திண்ணை தேடுவார். சீட்டில் அடி அண்ணாமலை ஆயிரம் ஆட்டத்துக்கு அப்பால் இருக்கிறது. பெரும்பாலோர் அதற்கு முன்பே பணத்தை முடித்துவிடுகிறார்கள்.

தேர்ந்தவர்கள் அதனால்தான் ஆடும் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கிறார்கள். ஒரு மேசையில் உட்காரத் தேவையான தொகையைப் போல இருபது முப்பது மடங்கு கையில் இல்லாமல் அந்த மேசைக்கே போவதில்லை. வீட்டு வாடகையும் ஃபீஸ் பணமும் அந்தக் கணக்கில் வராது. தோற்ற கோபத்தில் ஆடுவதற்கு அவர்களிடையே "டில்ட்" என்று ஒரு பெயரே இருக்கிறது. அது வந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்பது முதல் பாடம்.

திறமை ஆட்டம் என்ற விளம்பரம்

2003-ல் அமெரிக்காவில் ஒரு சம்பவம். டென்னஸியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிப் போட்டி வழியாக உலக போக்கர் தொடரின் பிரதான போட்டிக்குள் நுழைந்து, 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். பெயர் நிஜப் பெயர்தான்! அடுத்த வருடம் அதே போட்டியில் 2,576 பேர். 2006-ல் 8,773 பேர். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது அந்த 86 டாலர்தான். தோற்றுப்போன 838 பேரின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

நம் ஊரில் மொபைலில் ரம்மியும் போக்கரும் வந்தபோதும் அதே கதை. "இது திறமை ஆட்டம்" என்று விளம்பரம் சொன்னது. சட்டப்படி அது பொய்யும் இல்லை. ஆனால் திறமை ஆட்டம் என்பதற்கு, திறமை உள்ளவர் திறமை இல்லாதவரிடமிருந்து பணம் எடுக்கும் ஆட்டம் என்றும் அர்த்தம் உண்டு. அந்தப் பாதியை விளம்பரம் சொல்லவில்லை.

மேசை நடத்துபவரின் பங்கையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள், மொத்தம் 6,000. ஒவ்வொரு ஆட்டத்திலும் சராசரியாக 500 ரூபாய் நடுவில் சேர, அதில் 5 சதவீதம் நடத்துபவருக்கு என்றால் 25 ரூபாய். 60 ஆட்டத்தில் 1,500 ரூபாய். மேசையில் இருந்ததில் கால் பங்கு காணாமல் போய்விட்டது! ஆறு பேரும் ஒரே திறமை என்றால் ஆறு பேருக்கும் நஷ்டம். இதுபோக 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் பணத்தின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஜெயித்த நிகரத் தொகையில் 30 சதவீத வரிப் பிடித்தம் அதே வருடம் ஏப்ரலிலேயே வந்திருந்தது. எந்த ஒரு வியாபாரத்துக்கும் இப்படி ஒரு லாப நஷ்டக் கணக்கு வந்தால், பி.காம். முதல் வருட மாணவனே கடையை மூடச் சொல்வான்.

பணம் போனதோடு நிற்கவில்லை. கடன் வாங்கி ஆடித் தோற்று உயிரை விட்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டில் தொடர்ந்து வந்தன. 2021-ல் மாநில அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022 அக்டோபரில் சட்டப்பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று சேர்த்த பட்டியலை நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டம் எதுவும் கூடாது என்றது அது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின.

அரை நூற்றாண்டாக நீதிமன்றங்கள் கேட்டுவந்த "திறமையா, அதிர்ஷ்டமா" என்ற கேள்வியை அந்தச் சட்டம் ஓரமாக வைத்துவிட்டது. ஒரு விதத்தில் சரிதான். ராத்திரி ஒரு மணிக்கு மொபைலோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை. அவனிடம் நோட்டு இல்லை, வாத்தியார் இல்லை, தனிக் கணக்கு இல்லை, ஆயிரம் ஆட்டம் தாங்கும் பணமும் இல்லை. போன மாதம் ஜெயித்த 800 ரூபாய் மட்டும் மனதில் இருக்கிறது.

வள்ளுவர் சூதுக்கென்றே 94-ஆவது அதிகாரத்தை ஒதுக்கினார். அதில் முதல் குறளில் அவர் எச்சரிப்பது தோல்வியைப் பற்றி அல்ல, வெற்றியைப் பற்றி. தூண்டிலின் முள்ளை மீன் விழுங்குவதற்கு அந்த வெற்றியை ஒப்பிடுகிறார். சதவீதக் கணக்கு எதுவும் இல்லாமலே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது!

எடுத்துக்கொள்ள வேண்டியது

போக்கர் ஆட்டக்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதற்குப் பணம் வைத்து ஆட வேண்டிய அவசியம் இல்லை. பரீட்சையில் சாய்ஸில் விட்ட பாடம் வராமல் போய் நல்ல மார்க் வாங்கியவன், அடுத்த செமஸ்டரிலும் அதே போல விடுவான். விசாரிக்காமல் வாங்கின ஷேர் ஏறிவிட்டால் அடுத்ததையும் விசாரிக்காமல் வாங்குவான். இரண்டும் ஸ்பேட் வந்து ஜெயித்த கதைதான். முடிவு சரியா என்று பார்ப்பவன் பிழைக்கிறான், விளைவை மட்டும் பார்ப்பவன் ஒரு நாள் மாட்டிக்கொள்கிறான்.

ஒரு விளையாட்டில் பெரிய ஆளாக வேண்டும் என்ற வெறி இருக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் மூன்று கேள்விகள் போதும். தப்பு செய்தால் உடனே தெரிகிறதா? தோற்றால் போவது நேரமா, அம்மாவின் நகையா? எத்தனை நாளாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறாய்? மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லக்கூடிய விளையாட்டுகள் கேரமும் சதுரங்கமும் என்று நம் மாநிலத்துப் பிள்ளைகள் உலகத்துக்கே காட்டிவிட்டார்கள். மூன்றாவது கேள்விக்கே பதில் இல்லை என்றால், அவர் இன்னும் ஆடவே ஆரம்பிக்கவில்லை. வேறு யாரோ அவரை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.